மூணு சக்கர வண்டி எங்களுக்குச் சரிப்படுமா

1

ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் நலம் விசாரித்து முடிக்கும் முன்பே அந்த வண்டிக்கு வந்துவிடுகிறார்கள். போன வருஷம் இதே மாதம் நான் போட்ட ஒரு படம்தான் காரணம். ஓடுகிற உடுப்பில் நான் நிற்கிறேன். முன்னால் பெரிய பெரிய மூன்று சக்கரத்தோடு ஒரு பிள்ளைவண்டி. அதற்குள் என் மகள் யாழினி வாயில் விரலோடு உட்கார்ந்திருக்கிறாள். "அது என்னடி, ஆட்டோவுல மேல்பாகத்தைக் கழட்டிப்போட்ட மாதிரி இருக்கு?" என்று என் மதினி கேட்டாள். ஜாகிங் ஸ்ட்ரோலர் மதினி, பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாம் என்றேன். "ஓடுறதுக்கு அங்க என்ன துரத்துறாங்களா?" என்றாள்.

இப்போது தங்கை முறையாகிற ஒருத்தி கேட்கிறாள். கோயம்புத்தூரில் மாசமாக இருக்கிறாள். அப்படி ஒன்று வாங்கலாமா, உங்கள் குடும்பத்துக்குச் சரிப்பட்டதா அக்கா என்று நீளமாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். போனில் எல்லோருக்கும் நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். சொன்ன பாதியில் நான் நல்லவள். மிச்சத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பேர் மலர்விழி. சொந்த ஊர் திண்டுக்கல். கல்லூரியில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடி மாவட்டம் வரைக்கும் போனவள். என் வீட்டுக்காரர் குமரன், மலேசியாவில் ஷா ஆலம் என்கிற ஊரில் கையுறை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறார். மூன்று வருஷமாகக் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். அவருக்கு வேலை விசா, எனக்கு அவரோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா. அதில் வேலை செய்யக் கூடாது என்று முத்திரையே குத்தியிருக்கிறது.

எனக்குச் சட்டென்று அடிக்கக் கை நீண்டுவிடும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாளில் பேருந்தில் ஒருவன் என் இடுப்பைக் கிள்ளினான். செருப்பைக் கழற்றி முகத்தில் அறைந்தேன், உதடு கிழிந்தது. அப்புறம் பேருந்தே சேர்ந்து அவனைப் புரட்டி எடுத்தது. கீழே தள்ளும்போது அவனுக்கு ஒரு கண் திறக்கவில்லை. அப்பா ஒரு மாதம் அந்தக் கதையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கிள்ளியது அவன்தானா, இல்லை பக்கத்தில் நின்றவனா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

2

பிள்ளை பிறந்து ஏழெட்டு மாதத்தில் எனக்குக் கிறுக்குப் பிடிக்கிற நிலைமை. காலையில் குமரன் காரை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம்தான் முகம் பார்ப்பேன். பேச ஆள் கிடையாது. ஒரு நாள் மதியம் யாழினி அழுதாள், அழுதாள், அப்படி அழுதாள். பால் வேண்டாம், தோள் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். "சனியனே, வாயை மூடு" என்று தொட்டிலை ஆட்டினேன் பாருங்கள், கம்பி போய்ச் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிள்ளை பயந்துபோய் வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியில் எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சாயங்காலம் குமரனிடம் சொன்னேன். "எனக்கு ஓடணும். பழையபடி தினமும் ஓடணும். இல்லன்னா இந்த வீட்டுல ஏதாவது நடந்துரும்."

"பிள்ளைய யாரு பாத்துக்குவா?"

"அவளும் வருவா."

அப்படித்தான் வண்டிப் பேச்சு ஆரம்பித்தது. குமரன் எதையும் அளந்து பார்க்காமல் வாங்க மாட்டார். எங்கள் சின்னக் காரின் டிக்கியை அளந்தார், மடக்கினாலும் சக்கரத்தைக் கழற்றினால்தான் நுழையும் என்றார். வாசல் கிரில் கேட்டில் ஒரு கதவு மட்டும் திறந்தால் இடிக்கும். கடைகளுக்கு முன்னால் இருக்கிற நடைபாதை கடைக்குக் கடை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். லோங்காங் என்று இங்கே சொல்கிற சாக்கடைக்குப் பாதி இடத்தில் மூடி கிடையாது. கடைக்குப் போக உதவாத வண்டி எதற்கு என்பது அவர் கட்சி. எனக்கு எதிர்க்கட்சி பேசத் தெரியும். காற்றடித்த பெரிய சக்கரம், பள்ளத்தில் விழுந்தாலும் பிள்ளைக்குக் குலுங்காது. முன்சக்கரத்தைப் பூட்டிவிட்டால் நேராகப் போகும். கையிலேயே பிரேக். பிள்ளைக்குக் கழுத்து நன்றாக நின்ற பிறகுதான் ஓட வேண்டும், யாழினிக்குத்தான் நின்றுவிட்டதே.

கடைசியில் கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைய இருக்கிற பிரிக்பீல்ட்ஸ் போனோம். ஊருக்கே திரும்பிப் போகிற ஒரு சென்னைக் குடும்பம் விற்றது. அந்த அம்மா கைப்பிடியில் தொங்கிய பட்டையைக் காட்டினார். "ஓடுறப்ப இதை மணிக்கட்டுல மாட்டிக்கணும். கை நழுவினாலும் வண்டி உங்களை விட்டுப் போகாது. எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க." நான் மறக்கவே இல்லை.

இரண்டு மாதம் சொர்க்கம். காலை ஏழரைக்குக் கிளம்புவேன், இங்கே அப்போதுதான் நன்றாக விடியும். யாழினி வண்டியைக் கண்டாலே "ஜொம்" என்பாள். வாங்க போகலாம் என்று அர்த்தம், பக்கத்து வீட்டில் கேட்டுக் கற்றுக்கொண்டது. பிள்ளை அம்மா என்று சொல்வதற்கு முன்னால் மலாய் பேசிவிட்டதே என்று குமரனுக்கு வருத்தம். எனக்கு அதெல்லாம் இல்லை. ஓடி முடித்து வருகிற நாளில் என் கை சும்மா இருந்தது, அது போதும்.

3

அப்புறம் ஒரு நாள் கடைத்தெரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தேன். கைப்பையைக் கைப்பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். பையில் என் பாஸ்போர்ட் இருந்தது, அன்றைக்கு ஏதோ ஒரு நகல் எடுக்க வேண்டும். சாலையோர மேசையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்கிற மலாய் அம்மா என்னைத் தினமும் பார்த்துச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்து எழுந்து நின்று கத்தினார்.

"லாரி! கக்கா, லாரி!"

கக்கா என்றால் அக்கா, அது எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் லாரி லாரி என்று யாராவது கத்தினால் என்ன செய்வோம்? ஓரமாக ஒதுங்கி அசையாமல் நிற்போம். நானும் ஒதுங்கினேன். பிள்ளை வைத்திருக்கிறவள் அல்லவா, பொறுப்பாகப் பிரேக்கையும் போட்டேன். பாவி, பிரேக்கைப் போட்டுவிட்டு லாரி எங்கே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தது மோட்டார் சைக்கிள். இரண்டு பேர். பின்னால் இருந்தவன் பையைப் பிடித்து இழுத்தான். என் முடிச்சு அவிழவில்லை. வண்டி சாய்ந்து, பிள்ளையோடு தார்ச்சாலையில் உரசிக்கொண்டு போனது. மணிக்கட்டில் பட்டை இருந்ததால் நானும் பின்னாலேயே போனேன், முட்டியால் போனேன். கையில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. வார்ப்பட்டையில் தொங்கிக்கொண்டு யாழினி பக்கவாட்டில் கிடந்தாள், நெற்றியில் ரத்தம். இழுத்த இழுப்பில் அவனும் நிலை தவறிக் கீழே விழுந்தான். ஓட்டினவன் அவனை விட்டுவிட்டுப் பறந்துவிட்டான்.

சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நாற்காலியால் ஒருவர் அடித்தார். ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே அவன் வாயில் ஒருவர் குத்தினார். நாசி லெமாக் அம்மா பிள்ளையைக் கழற்றித் தூக்கிக்கொண்டார். நான் பிள்ளையிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. தொங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு நேராக அவனிடம் போய் விலாவில் மிதித்தேன்.

"போதும்க்கா" என்றான். தமிழன். "அக்கா, போதும்க்கா."

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் இன்னும் ஓங்கி முகத்தில் மிதித்தேன். மூக்கு உடைந்தது எனக்குக் காலில் தெரிந்தது. நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்போது நன்றாகத்தான் இருந்தது.

4

யாழினிக்கு மூன்று தையல். எனக்குக் கையில் மாவுக்கட்டு. அதோடு பாலாய், அதாவது போலீஸ் நிலையம். எழுதி எடுத்தது ஒரு தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள். மலாயில் தட்டச்சு செய்து தமிழில் படித்துக் காட்டினாள்.

"பாதிக்கப்பட்டவர் ஓடல, அங்கேயே நின்னுட்டாருன்னு போட்டிருக்கேன். ஓகேவாக்கா?"

எனக்கு வந்ததே கோபம். மாவட்டம் ஓடினவளைப் பார்த்து ஓடவில்லை என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதுகிறாளே. "நான் ஏன் ஓடணும்? லாரி வருதுன்னு அந்தம்மா கத்துனாங்க, அதான் ஒதுங்கி நின்னேன்."

"எந்த லாரி?"

"எனக்கென்ன தெரியும்? வரவே இல்லையே."

அவள் தட்டச்சை நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பா வருத்தமா என்று தெரியாத ஒன்று வந்தது. "அக்கா, மலாய்ல லாரின்னா ஓடுன்னு அர்த்தம். நீங்க சொல்ற வண்டிய நாங்க இங்க லோரின்னு சொல்வோம்."

வந்த நாளிலிருந்து இந்த ஊரில் லோரி லோரி என்று காதில் விழும்போதெல்லாம் குமரனும் நானும் சிரித்திருக்கிறோம், ஒரு லாரி கூடச் சொல்லத் தெரியவில்லையே இவர்களுக்கு என்று. ஓடு என்று ஒருத்தி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். நான் பிரேக்கைப் போட்டிருக்கிறேன். என் பிள்ளையின் நெற்றித் தையலுக்கு அந்தத் திருடன் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி என் காது.

பாஸ்போர்ட் கதை தனி. பை பறிபோகவில்லை, ஆனால் சாட்சிப் பொருளாம், கேஸ் முடியாமல் தர முடியாதாம். தொலைந்திருந்தால் புதுசுக்கு எழுதிப் போடலாம். தொலையவில்லை, எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கையில் இல்லை. இதற்கு எந்தக் கவுன்ட்டரிலும் படிவம் கிடையாது. ஒற்றைக் கையோடு நான் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் உங்களுக்குக் கால் வலிக்கும்.

5

குமரன் என்னைத் திட்டவில்லை. பிள்ளையின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். "உனக்கு ஓடணும்னா ஓடு மலர். என் பிள்ளையக் கையில கட்டிக்கிட்டு ஓடாத."

என் பிள்ளையாம். தட்டைத் தூக்கி எறிந்தேன். ரசம் சுவரில் வழிந்தது. யாழினி தன் கிண்ணத்தையும் எடுத்து எறிந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் வண்டியை விற்க விளம்பரம் போட்டார். பெரிதாக இருக்கிறது என்று யாரும் வாங்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு நான் கெஞ்சினேன், ஒரே ஒரு மாதம் பார்க்கலாம் என்றேன். வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் என்னால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். பை கூடாது, பெரிய ரோடு கூடாது, நம் குடியிருப்புக்குள் மட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர்தான் அதைக் கொடுத்தார். காரில் ஸ்டீயரிங்கைப் பூட்டுகிற இரும்புத் தடி, சாவி தொலைந்த பழசு. "என் வேன்ல ஒண்ணு எப்பவும் இருக்கும் லா. கையில ஒண்ணும் இல்லாம பொம்பள தனியா போகலாமா? எவனாவது கிட்ட வந்தா யோசிக்காத, அவன் கையிலயே ஒண்ணு போடு." நல்ல கனம். பிள்ளையின் காலுக்குக் கீழே உள்ள பையில் துண்டு சுற்றி வைத்தேன். குமரனிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் ஓடினேன். பழைய ஓட்டம் இல்லை அது. ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் பல்லைக் கடித்தேன். இவன் வந்தால் முதலில் கை, அப்புறம் முட்டி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டே ஓடினேன். வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்கவில்லை. இதைக் கவனித்தும் நான் நிறுத்தவில்லை.

6

அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது, என்னைத் தாண்டிப் போகாமல் குறைந்தது. எனக்கு அதுவே போதும். நடந்துகொண்டே குனிந்து தடியை எடுத்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் என் பக்கத்தில் வந்தது. முகம் மூடின ஹெல்மெட். அவன் இடது கை பிள்ளைவண்டியை நோக்கி நீண்டது.

அடித்தேன். முன்கையில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது, என் கையில் கேட்ட அதே சத்தம். மோட்டார் சைக்கிள் அவன் காலோடு சாய்ந்தது. "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டே ஹெல்மெட்டில் இன்னொன்று போட்டேன். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய பிளாஸ்டிக் பைகள் வெடித்துச் சூடான தேத்தண்ணீர் அவன் மார்பில் கொட்டியது. துடித்தான்.

கார் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒரு தமிழ் அங்கிள் வீட்டுக்குள்ளிருந்து குழாயோடு வந்தார். கேள்வியே இல்லை. பிள்ளைவண்டியோடு ஒரு பெண் கத்துகிறாள், மோட்டார் சைக்கிள்காரன் தரையில் கிடக்கிறான், அவ்வளவுதான். வயிற்றில் உதை விழுந்தது. அங்கிள் குழாயை ஓங்கினார்.

அப்போதுதான் அவன் தரையில் விழுந்து கிடந்த ஒன்றை நல்ல கையால் எடுத்துத் தூக்கிக் காட்டினான். யாழினியின் காலில் நான் மாட்டிவிட்ட சப்பாத்து. வெள்ளையில் ஒரு பூ. பிள்ளை எங்கேயோ உதறிவிட்டிருக்கிறாள்.

"பாப்பாவோடது... ரோட்டுல கெடந்துச்சுக்கா."

நம் ஊர்ப் பேச்சு. ராமநாதபுரம் பக்கம்.

வேண்டாம், அடிக்காதீங்க என்று கத்தினேன். கார் கழுவினவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்கு நிறுத்து என்பதற்கு மலாய் வார்த்தை வாயில் வரவில்லை. ஒருவர் இரண்டாவது தடவை காலைத் தூக்கினார். நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. வண்டியைத் திருப்பி, பிள்ளையோடு, அவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் தள்ளினேன். தூக்கின கால் யாழினியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பிரேக்கைப் போட்டேன்.

"என் தம்பி" என்றேன். "அங்கிள், இது என் தம்பி. அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. என் தம்பி இது."

அங்கிள் குழாயை இறக்கினார். மற்ற இரண்டு பேரிடமும் மலாயில் ஏதோ சொன்னார், அவர்களும் பின்னால் நகர்ந்தார்கள். அங்கிள் அவனைப் பார்த்தார், என் கையில் இருந்த இரும்பைப் பார்த்தார்.

"தம்பிய எதுக்கும்மா இப்படி அடிச்ச?"

யாழினி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

7

அவர் பேர் ரபீக். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை, கட்டிக் கொடுத்த தேத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். கிளினிக்குக்கு அங்கிள்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க ரபீக் ஒன்றையே சொன்னார்.

"போலீஸ் மட்டும் வேண்டாம்க்கா. எனக்கு இங்க லைசென்ஸ் இல்ல. ரிப்போட் போட்டா என்னைத்தான் ஊருக்கு அனுப்புவாங்க."

"தப்பு செஞ்சது நான்தானே. நான் வந்து சொல்றேன்."

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. மொதலாளிகிட்ட வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

என்னை மன்னிக்கக்கூட அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வலியோடு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். நான் போலீஸுக்குப் போனாலும் அடிபடப்போவது அவர்தான், போகாவிட்டாலும் அவர்தான். அவர் கையில் எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. மார்பில் தோல் பொங்கியிருந்தது.

குமரன் வேலையிலிருந்து ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. வந்ததும் யாழினியைத் தூக்கித் தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் யாருக்கு?"

ரபீக்கைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன், பூட்டுத் தடியையும் சேர்த்து. வண்டியை நடுவில் தள்ளியதைச் சொன்னபோது பிள்ளையை இறுக்கிக்கொண்டார். போய் ரபீக் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். கட்டுப் போடும் வரைக்கும் ரபீக்கின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நானே ஆரம்பித்தேன்.

"அந்த வண்டிய வித்துருங்க. கேக்கிற விலைக்குக் குடுத்துருங்க. நமக்கு அது சரிப்படல."

குமரன் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை.

"வண்டி என்ன பண்ணுச்சு, மலர்?" என்று கேட்டார்.